ஒரு காட்சிக்கு ஒளி அமைப்பது எப்படி: திரைக்கதை முதல் வண்ணச் சீரமைப்பு வரை, ஒளிப்பதிவாளராக விரும்புவோருக்கான முழுமையான வழிகாட்டி

கேமராவை இயக்கக் கற்றுக்கொள்வதற்கு இன்று நெடுங்காலம் ஆவதில்லை. ஐஎஸ்ஓ என்றால் என்ன, ஷட்டர் என்றால் என்ன என்பதைக் கைப்பேசியில் குறும்படம் எடுக்கும் மாணவர்கூடத் தெளிவாகச் சொல்லிவிடுகிறார். ஆனால் படப்பிடிப்புத் தளத்தில் முதன்முறையாகப் பொறுப்பேற்று நிற்கும் ஒளிப்பதிவாளரைத் திணறவைக்கும் கேள்வி வேறு: இந்தக் காட்சிக்குள் வெளிச்சம் எங்கிருந்து வருகிறது? இதற்கு ஒரே வரியில் விடை சொல்ல முடியாதவர் விளக்குகளை ஏற்றிக்கொண்டே போவார். ஒவ்வொரு விளக்கும் புதிதாக ஒரு நிழலைக் கொண்டுவரும், அந்த நிழலைப் போக்க இன்னொரு விளக்கு வரும், நேரம் கரைந்துவிடும், நடிகரின் முகம் தட்டையாகவே நிற்கும்.

இந்த வழிகாட்டி அந்த ஒரு கேள்வியைப் படிப்படியாகப் பின்தொடர்கிறது. விளக்கம் அந்தரத்தில் நிற்காமலிருக்க, ஒரு காட்சியைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். முற்றம் வைத்த பழைய ஓட்டு வீடு. பிற்பகல் மூன்று மணி. தாழ்வாரத்தில் அமர்ந்து தாய் கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறாள். வெளிநாட்டு வேலைக்கு விசா வந்துவிட்டதை உள்ளறை வாசலில் நின்றபடி மகன் அவளிடம் சொல்கிறான்.

முதல் படி: திரைக்கதையை மூன்று முறை வாசித்தல்

முதல் வாசிப்பில் பேனாவைத் தொட வேண்டாம். கதை எந்த இடத்தில் நம்மை அசைக்கிறது என்பது அப்போது மட்டுமே தெரியும். இரண்டாம் வாசிப்பிலிருந்து நாம் வேலைக்காரராக மாறிவிடுகிறோம். இரண்டாம் வாசிப்பில் ஒவ்வொரு காட்சியின் ஒளியைப் பற்றியும் ஒரு குறிப்பேட்டில் ஒரு வரி எழுத வேண்டும். திரைக்கதையில் ‘உள், பகல்’ என்று மட்டும் இருக்கும். பகல் என்றால் எத்தனை மணி, மழைக்காலமா கோடையா, மின்சாரம் இருக்கிறதா, கதவு திறந்திருக்கிறதா என்பதையெல்லாம் நாமே கேட்டு நிரப்ப வேண்டும். காட்சிகளின் வரிசைக்கும் அவற்றைப் படமாக்கும் வரிசைக்கும் தொடர்பே இருக்காது என்பதால், ஐம்பது நாள் கழித்து எடுக்கப்போகும் காட்சிக்கும் இன்று எடுக்கும் காட்சிக்கும் இடையே ஒளியின் தொடர்ச்சியைக் காப்பது இந்தக் குறிப்பேடு ஒன்றுதான்.

மூன்றாம் வாசிப்பை இயக்குநருடன் சேர்ந்து செய்ய வேண்டும். நம் காட்சியில் வெளிச்சம் மூன்று வழிகளில் வரலாம்: முற்றத்தின் மேலே திறந்திருக்கும் வானம், அடுப்படியின் சிறிய ஜன்னல், கூரையில் பதித்த கண்ணாடி ஓடு. இவற்றில் எது முதன்மை என்பதை முடிவு செய்வது கதையைப் பற்றிய முடிவு. தாய் முற்றத்து வெளிச்சத்தில் முழுதாகத் தெரிய, மகன் வாசலின் அரையிருளில் நின்றால், செய்தியை மறைத்து வைத்திருப்பவன் அவன் என்பதை வசனத்திற்கு முன்பே பார்வையாளர் உணர்வார். அவனை வெளிச்சத்திலும் அவளை இருளிலும் வைத்தால், இழக்கப்போகிறவள் அவள் என்ற பக்கம் காட்சி சாயும். இரண்டும் சரியே, ஆனால் இரண்டையும் ஒருசேர எடுக்க முடியாது. நாம் இங்கே முதலாவதைத் தேர்ந்துகொள்வோம்.

இரண்டாம் படி: இடத்தைப் பார்வையிடுதல்

லொகேஷன் பார்க்கப் போகும்போது, காட்சி நிகழும் அதே நேரத்தில் போக வேண்டும். காலை பத்து மணிக்குப் பார்த்து ரசித்த வீடு பிற்பகல் மூன்று மணிக்கு வேறு வீடாகியிருக்கும். திசைகாட்டியும் சூரியப் பாதையைக் காட்டும் செயலியும் கைப்பேசியிலேயே கிடைக்கின்றன. முற்றத்தின் எந்த விளிம்பு எந்தத் திசை, வெயில் தரையில் எங்கே விழுகிறது, எத்தனை மணிக்குச் சுவரேறுகிறது என்பதைப் படம் வரைந்து குறித்துக்கொள்ள வேண்டும்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஐரோப்பிய, அமெரிக்கப் பாடநூல்கள் வடக்கு பார்த்த ஜன்னலில் நேர் வெயில் நுழையாது, அங்கே நாள் முழுதும் மென்மையான வெளிச்சம் கிடைக்கும் என்று கற்பிக்கின்றன. சென்னை ஏறத்தாழ 13 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்தில் சூரியன் நம் உச்சந்தலைக்கு மேல் வந்து, அதன்பின் ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை நண்பகலில் நமக்கு வடக்கேதான் நிற்கிறது. ஜூன் மாதத்தில் வடக்கு ஜன்னலை நம்பி அட்டவணை போட்டவர் படப்பிடிப்பு நாளில் ஜன்னல் விளிம்பில் வெயில் கோடு விழுவதைப் பார்த்துத் திகைக்க நேரிடும். நாகர்கோவில் பக்கம் போனால் இந்தக் காலம் இன்னும் நீளும். டிசம்பரிலோ நண்பகல் சூரியன்கூடத் தெற்கே சாய்ந்து 53, 54 பாகை உயரத்தில்தான் நிற்கும். வெளிப்புறக் காட்சிகளில் கண்குழிகள் கறுத்துப்போகாமல் மதியத்திலும் படமாக்க அது ஓரளவு இடம்தரும். அந்தி வெளிச்சத்தைப் பற்றிய வெளிநாட்டு விவரணைகளையும் அப்படியே ஏற்கக் கூடாது. நம் ஊரில் சூரியன் செங்குத்தாக இறங்குவதால், மறைந்தபின் பயன்படுத்தத்தக்க வெளிச்சம் இருபது நிமிடத்திற்குச் சற்று மேல்தான் நிற்கும். அதற்குள் ஒரு ஷாட், ஒத்திகை கச்சிதமாக இருந்தால் இரண்டு. அவ்வளவே.

வெளிச்சம் பட்டுத் திரும்பும் பரப்புகளையும் பார்க்க வேண்டும். சிவப்புச் சிமெண்டுத் தரையில் வெயில் விழுந்தால், தரையில் அமர்ந்திருக்கும் தாயின் தாடைக்கு அடியில் செம்மை ஏறும். எதிர்ச்சுவரில் பச்சைச் சுண்ணாம்பு இருந்தால் கன்னத்தில் பச்சை படியும். கண் இதைப் பொருட்படுத்தாது. கேமரா தவறாமல் பதிவு செய்யும். தரையில் ஒரு பாய் விரித்தால் தீரும் விஷயம் இது. ஆனால் அந்தப் பாயைக் கலை இயக்குநரிடம் இன்றே சொல்லிவிட வேண்டும்.

மின்சாரத்தையும் அன்றே பார்த்துவிட வேண்டும். வீட்டிலுள்ள 15 ஆம்பியர் பிளக் 230 வோல்ட்டில் ஏறத்தாழ 3,450 வாட் வரைதான் தாங்கும். பழைய ஒயரிங் அதையும் தாங்குமா என்பது ஐயமே. அதற்கு மேல் தேவையென்றால் ஜெனரேட்டர் வண்டி வேண்டும், அதை ஒலிப்பதிவுக்குத் தொல்லை இல்லாத தொலைவில் நிறுத்தத் தெருவில் இடம் வேண்டும்.

மூன்றாம் படி: லென்ஸ், கேமரா, சோதனை

கேமராவைத் தேர்ந்தெடுப்பதில் இளைஞர்கள் செலவிடும் நேரம் தேவைக்கு மீறியது என்றே கருதுகிறேன். 2010-இல் ஆரி நிறுவனத்தின் அலெக்ஸா வந்தபின் டிஜிட்டல் கேமராக்களின் தரம் பெருமளவு சமன்பட்டுவிட்டது. லென்ஸ்தான் படத்தின் குணத்தை இன்னும் தீர்மானிக்கிறது. 35 மில்லிமீட்டர் லென்ஸை அருகில் கொண்டுபோய் எடுக்கும் முகமும், 85 மில்லிமீட்டரில் தள்ளி நின்று எடுக்கும் முகமும் சட்டகத்தில் ஒரே அளவில் இருக்கலாம். முதலாவதில் நாம் அந்த மனிதருடன் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருக்கிறோம். இரண்டாவதில் தெருவிலிருந்து பார்க்கிறோம். நம் காட்சிக்குத் தாயை 40-க்கு அருகிலும், மகனை 75-க்கு அருகிலும் எடுத்தால், இருவருக்கும் இடையிலுள்ள தொலைவு லென்ஸிலேயே வந்துவிடும்.

எதைத் தேர்ந்தாலும், முதன்மை நடிகர்களை அவர்களது உடையிலும் ஒப்பனையிலும் நிறுத்திச் சோதனைப் பதிவு எடுத்து, அதைத் திரையரங்கு அளவுத் திரையில் போட்டுப் பார்க்காமல் படப்பிடிப்பைத் தொடங்கக் கூடாது.

நான்காம் படி: விளக்கு ஏற்றுதல்

நம் காட்சியின் முதன்மை ஒளி முற்றத்து வானம் என்று முடிவாயிற்று. பிற்பகல் மூன்று மணிக்கு நேர் வெயில் முற்றத்துத் தரையில் ஒரு கூர்மையான கட்டமாக விழுந்திருக்கும். அது நகர்ந்துகொண்டே இருக்கும். காட்சி முடிய நான்கு மணி நேரமாகும் என்றால், அந்தக் கட்டம் ஒவ்வொரு ஷாட்டிலும் வேறோர் இடத்தில் இருக்கும். எனவே முற்றத்தின் மேலே, ஓட்டுக்கு உயரே, சட்டத்தில் இழுத்துக் கட்டிய வெள்ளைத் துணியை விரிக்க வேண்டும். தளத்தில் ஸ்கிம்மர் என்று சொல்லப்படுவது இதுதான். வெயில் துணியில் பட்டுப் பரவி, துணி முழுவதுமே ஒரு பெரிய மென்மையான விளக்காகிவிடும்.

ஐந்து மணிக்கு மேல் வெயில் சாயும். அப்போது பகல் வெளிச்சத்தின் நிறத்தில் எரியும் சக்திவாய்ந்த ஹெச்எம்ஐ விளக்கு ஒன்றைக் கூரையின் ஓரத்தில் நிறுத்தி, அதன் ஒளியைத் துணியில் அடித்துக் கீழே இறக்கினால் மூன்று மணியே தொடரும். இந்த உத்தி புதிதன்று. 1956-இல் வெளிவந்த சத்யஜித் ரேயின் ‘அபராஜிதோ’வுக்காகக் காசி நகர வீடு ஒன்றின் முற்றத்தைக் கல்கத்தாவில் அரங்கமாக அமைத்தபோது, ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா அரங்கின் மேல் வெள்ளைத் துணியைக் கட்டி, விளக்குகளின் ஒளியை அதில் பட்டுத் திரும்பச் செய்து, முற்றத்தில் இறங்கும் நிழலற்ற வான வெளிச்சத்தை உருவாக்கினார். நேராக விளக்கை அடிப்பதே வழக்கமாக இருந்த காலத்தில், அந்த வீட்டில் வெளிச்சம் எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கு அவர் கண்ட விடை அது. விளக்கு இல்லை என்பதும் ஒரு காரணமாகாது. 1959-இல் வெளிவந்த ‘காகஸ் கே ஃபூல்’ என்ற இந்திப் படத்தில் படப்பிடிப்புக் கூடத்தின் இருளைக் கிழித்து இறங்கும் புகழ்பெற்ற ஒளிக்கற்றையை வி. கே. மூர்த்தி பெரிய கண்ணாடிகளைக் கொண்டு சூரிய ஒளியைத் திருப்பியே உருவாக்கினார். பின்னாளில் தாதாசாகேப் பால்கே விருது பெற்ற முதல் ஒளிப்பதிவாளரும் அவரே.

அடுத்து மகன். அவனுக்கு முதன்மை ஒளி வேண்டியதில்லை. முற்றத்து வெளிச்சத்தின் மிச்சமே போதும். ஆனால் உள்ளறையில் அவனுக்குப் பின்னால் ஒரு ஜன்னல் இருந்தால், அங்கே வைக்கும் விளக்கின் தொலைவு முக்கியம். ஒளியின் செறிவு தொலைவின் வர்க்கத்திற்கேற்பக் குறையும். ஜன்னலுக்கு வெளியே ஒரு மீட்டரில் விளக்கை வைத்தால், ஜன்னலிலிருந்து ஒரு மீட்டர் உள்ளே நின்றவன் மூன்றாவது மீட்டருக்கு நடக்கும்போது விளக்கிலிருந்து அவனது தொலைவு இரண்டிலிருந்து நான்காகி, வெளிச்சம் கால் பங்காகிவிடும்; அதாவது இரண்டு ஸ்டாப் வீழ்ச்சி (ஒரு ஸ்டாப் குறைந்தால் ஒளி பாதியாகும்). அதே விளக்கை ஆறு மீட்டர் தள்ளி வைத்தால் ஏழிலிருந்து ஒன்பது ஆவதால், வீழ்ச்சி முக்கால் ஸ்டாப்பைத் தாண்டாது. ஒருவர் அறைக்குள் நடந்தாலும் அவர்மீது விழும் சூரிய ஒளி மங்காததன் காரணம் இதுவே. ஆனால் ஜன்னலில் பரவல் துணி கட்டிவிட்டால் கணக்கு மாறும். அப்போது துணிதான் விளக்கு. தொலைவை அங்கிருந்தே கணக்கிட வேண்டும்.

பலரும் மறந்துவிடும் கடைசி வேலை, வெளிச்சத்தை எடுத்தல். வெள்ளையடித்த சுவர்கள் ஒளியை எல்லாப் பக்கமும் திருப்பியனுப்பி முகத்தின் நிழல் பக்கத்தை நிரப்பிவிடும். கேமராவில் தெரியாத பக்கத்தில் ஒரு கறுப்புத் துணியைத் தொங்கவிட்டால் தாயின் கன்னத்தில் வடிவம் திரும்பும். “அண்ணே, அந்தக் கறுப்பை ஒரு சாண் உள்ள தள்ளுங்க” என்ற ஒரு வரியில் ஒரு முகம் உயிர்பெறுவதைத் தளத்தில் நின்று பார்த்தவர்கள், பிறகு அவசரப்பட்டு விளக்கு கேட்பதில்லை.

ஐந்தாம் படி: எக்ஸ்போஷரும் தோலின் நிறமும்

தாயின் முகத்தில் விழும் ஒளியை, ஒளி அளக்கும் மீட்டரில் அளந்தால் 4 வருகிறது என்று கொள்வோம். இது லென்ஸின் திறப்பைக் குறிக்கும் எஃப் எண்; எண் குறையக் குறையத் திறப்பு பெரிதாகும். லென்ஸையும் 4-இல் வைக்கிறோம். மகனின் முகத்தில் 2 வந்தால் அவன் இரண்டு ஸ்டாப் கீழே இருக்கிறான். கண்கள் தெரியும், நிறம் அடங்கியிருக்கும். 1.4 வந்தால் மூன்று ஸ்டாப்; உருவமும் கண்ணின் மின்னலும் மட்டும் மிஞ்சும். வசனத்தின் முதல் பாதியில் அவன் 1.4-இல் நின்று, விசா என்ற சொல்லைச் சொல்லும்போது ஓரடி முன்னால் வந்து 2-க்குள் நுழைவது போல் நடிகரின் இடத்தைத் தரையில் குறிக்கலாம்.

இனி, தமிழ்ப் படங்களை ஒளிப்பதிவு செய்பவர் மனத்தில் ஆழமாகப் பதிக்க வேண்டிய ஒன்று. பொருளிலிருந்து திரும்பும் ஒளியை அளக்கும் மீட்டரும், கேமராவின் தானியங்கி அளவீடும், எதிரே இருப்பது 18 சதவீத ஒளியைத் திருப்பியனுப்பும் சாம்பல் நிறம் என்றே எடுத்துக்கொள்கின்றன. கறுத்த தோல் அதைவிடக் குறைவாகத் திருப்பியனுப்பும். மீட்டரின் பேச்சைக் கேட்டுத் திறந்தால் அந்த முகம் வெளுத்து, அதன் கறுப்பு போய்விடும். பக்கத்தில் இருக்கும் வெள்ளைச் சட்டையும் எரிந்துவிடும். ஆகவே முகத்தருகே மீட்டரைப் பிடித்து, விழும் ஒளியையே அளக்க வேண்டும். கறுத்த முகத்தின் அழகு அதன் பளபளப்பில் இருக்கிறது. பெரிய, மென்மையான ஒளிப்பரப்பு ஒன்றைப் பக்கவாட்டில் வைத்தால், அதன் பிரதிபலிப்பு கன்ன எலும்பிலும் நெற்றியிலும் ஓடி, முகத்தை வெளுக்காமலேயே வடிவத்தைக் காட்டும். ஒப்பனைக் கலைஞரிடம் பவுடரைக் குறைக்கும்படி அன்புடன் கேட்டுக்கொள்வதும் ஒளிப்பதிவாளரின் வேலையே.

புகைப்பட ஆய்வகங்களுக்குக் கோடக் அனுப்பிய நிறச் சோதனை அட்டைகளில் நெடுங்காலம் வெள்ளைத் தோலுடைய பெண்ணின் படமே இருந்தது. அந்தத் தோல் சரியாக வந்தால் எல்லாம் சரி என்பது தொழில்நுட்பத்தின் அளவுகோலாக இருந்தது. இன்றைய கேமராக்களுக்கு அந்தக் குறை இல்லை. இப்போது ஒரு கறுத்த முகம் திரையில் வெளுத்துத் தெரிந்தால் அது நாம் எடுத்த முடிவு. அதற்கு நாமே பொறுப்பு.

ஆறாம் படி: மின்விளக்கின் துடிப்பைக் கணக்கிடுதல்

இந்தியாவில் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி என்பதால், பழைய டியூப் லைட்டுகளும் மலிவான எல்இடி பல்புகளும் நொடிக்கு 100 முறை துடிக்கும். நொடிக்கு 24 சட்டகம் (ஃபிரேம்) எடுக்கும்போது ஷட்டரின் திறப்புக் கோணத்தை வழக்கமான 180 பாகையில் வைத்தால் ஒவ்வொரு சட்டகமும் 1/48 நொடி ஒளியைப் பெறும்; துடிப்போடு இது பொருந்தாததால் படம் மினுங்கும். 172.8 பாகைக்கு மாற்றினால் சரியாக 1/50 நொடி வரும். அதே கோணத்தில் 48 சட்டக வேகத்தில் எடுத்தாலும் 1/100 என்று பொருந்தும். அமெரிக்கா போன்ற 60 சுழற்சி நாடுகளில் 24 சட்டகத்திற்கு 144 பாகை.

ஏழாம் படி: படப்பிடிப்பு நாள்

அகன்ற ஷாட்டை முதலில் எடுக்க வேண்டும். வீடு முழுவதும் தெரியும் ஷாட்டில் வானத்தைப் போலி செய்வது கடினம். அண்மைக் காட்சியில் முகத்தைச் சுற்றி இரண்டடி ஒளியை உருவாக்கினாலே போதும். சூரியன் இருக்கும்போது அகலம், சாய்ந்தபின் முகங்கள். இந்த வரிசையை உதவி இயக்குநரிடம் முதல் நாளே பேசி அட்டவணையில் ஏற்றிவிட வேண்டும். ஒளி அமைக்கும்போது நடிகரை வெயிலில் நிறுத்தி வைக்காமல், அவரது உயரமும் நிறமும் ஒத்த ஒருவரை அந்த இடத்தில் உட்காரவைப்பது நல்லது.

லென்ஸின் ஃபோகஸைச் சரிசெய்துகொண்டே இருக்கும் உதவியாளரான ஃபோகஸ் புல்லரை மறந்துவிடக் கூடாது. நீண்ட லென்ஸில் 1.4 திறந்து வைத்து, நடந்து வரும் மகனின் கண்ணைத் தெளிவாகப் பிடி என்பது அவரிடம் நியாயமற்ற கோரிக்கை. ஒளியைக் கூட்டி 2.8-க்கோ 4-க்கோ கொண்டுவந்து கொடுத்தால் பத்து டேக் மூன்றாகக் குறையும். மேலே கட்டிய துணியும் விளக்கும் காற்றில் சாயாதபடி கயிறும் மணல் மூட்டையும் போடப்பட்டிருக்கின்றனவா, எர்த் இணைப்பு இருக்கிறதா என்பதை ஒளியமைப்புக் குழுவின் மூத்தவருடன் சேர்ந்து ஒளிப்பதிவாளரும் நேரில் பார்க்க வேண்டும். உயரத்தில் ஏறுபவர்கள் லைட்மேன்கள். அந்தச் சட்டகத்திற்காகத்தான் அவர்கள் ஏறுகிறார்கள்.

அன்றைய பதிவுகளைச் சரிபார்த்த பின்னர், குறைந்தது இரண்டு நகல்கள் எடுத்து, மூன்றாவது நகலை வேறோர் இடத்தில் வைக்கும் வரை கார்டை அழிக்க அனுமதிக்க வேண்டாம்.

எட்டாம் படி: வண்ணச் சீரமைப்பு அறை

பல மாதங்கள் கழித்து, டிஐ எனப்படும் டிஜிட்டல் வண்ணச் சீரமைப்பு நடக்கும். ஒளியின் விவரங்களை இழக்காதிருக்க மாறுபாட்டைக் குறைத்துப் பதியும் லாக் முறையில் பதிவான காட்சிகள் சாம்பல் பூத்ததுபோல் இருக்கும். மாறுபாட்டையும் நிறத்தையும் அங்கேதான் கட்டுகிறோம். படத்தொகுப்பு மேசையில் பல மாதங்கள் வெளிச்சமான நகலைப் பார்த்துப் பழகிய இயக்குநரும் தயாரிப்பாளரும், மகனின் முகம் இருட்டாக இருக்கிறது, கொஞ்சம் ஏற்றுங்கள் என்று சொல்வார்கள். அந்த நேரத்தில் கைகொடுப்பது முதல் படியில் எழுதிய குறிப்பேடு. அவன் ஏன் இருளில் நிற்கிறான் என்பதை மூன்றாம் வாசிப்பில் எல்லோரும் சேர்ந்து முடிவு செய்தோம் என்று எடுத்துக்காட்ட வேண்டும். இதோடு ஒரு நடைமுறை உண்மையையும் மதிக்க வேண்டும்: திரையரங்கின் வெண்மை 48 நிட்ஸ் (திரையின் ஒளிர்வை அளக்கும் அலகு) என்பது தரஅளவு, கணினித் திரை அதைவிட இரு மடங்குக்கு மேல் ஒளிரும், பல அரங்குகளில் விளக்கு பழசாகி அந்த 48-உம் கிடைப்பதில்லை. பெரிய திரையில் பார்த்துவிட்டே இருளின் ஆழத்தை முடிவு செய்ய வேண்டும்.

தொழிலுக்குள் நுழைதல்

சென்னை தரமணியிலுள்ள எம்.ஜி.ஆர். அரசு திரைப்படப் பயிற்சி நிறுவனம், 1960-இல் தொடங்கப்பட்ட புனே திரைப்படக் கல்லூரி, கல்கத்தாவின் சத்யஜித் ரே நிறுவனம் ஆகியவை முறையான கல்விக்கான வழிகள். ‘நாயகன்’ படத்திற்காகத் தேசிய விருது பெற்ற பி. சி. ஸ்ரீராம் சென்னை நிறுவனத்தில் பயின்றவர். ‘மூன்றாம் பிறை’க்காக அதே விருதைப் பெற்ற பாலு மகேந்திரா, மட்டக்களப்பிலிருந்து வந்து புனேயில் பயின்றவர். மற்றொரு வழி, ஒளிப்பதிவாளர் ஒருவரிடம் உதவியாளராகச் சேர்வது. பி. சி. ஸ்ரீராமிடம் பணியாற்றிய கே. வி. ஆனந்த், தாம் தனித்து ஒளிப்பதிவு செய்த முதல் படமான ‘தேன்மாவின் கொம்பத்து’க்கே தேசிய விருது பெற்றார். பெண்களுக்கு இந்த வாசல் தாமதமாகவே திறந்தது. 1985-இல் ‘சின்ன வீடு’ படத்தை ஒளிப்பதிவு செய்த பி. ஆர். விஜயலட்சுமிக்குப் பிறகும் எண்ணிக்கை மெதுவாகவே உயர்கிறது என்பது தொழிலுக்கே இழப்பு.

உதவியாளர் ஆண்டுகளில் வருமானம் குறைவு. படத்திற்கும் படத்திற்கும் இடையே வருமானமே இல்லாத மாதங்களும் வரும். விளம்பரப் படங்கள், ஆவணப் படங்கள், திருமணப் பதிவுகள் எதையும் தாழ்வாகக் கருத வேண்டாம். கிடைக்கும் வெளிச்சத்தில், மறு டேக் இல்லாமல், பலவகைத் தோல் நிறங்களை ஒரே சட்டகத்தில் எடுக்கும் பயிற்சியைத் திருமண மண்டபம்போல் வேறெதுவும் தராது.

தனித்துப் பொறுப்பேற்கும் முதல் படத்திலேயே ஒப்பந்தத்தை எழுத்தில் பெற வேண்டும். சம்பளத் தவணைகள் எந்தெந்தக் கட்டத்தில், கூடுதல் கால்ஷீட்டுக்கு என்ன, உதவியாளர்களின் பேட்டாவை யார் தருவது ஆகியவற்றுடன், டிஐ பணியில் ஒளிப்பதிவாளர் உடனிருப்பார் என்ற வரியும் அதில் இருக்க வேண்டும். தென்னிந்திய ஒளிப்பதிவாளர் சங்கமான சிகாவும், தென்னிந்தியத் திரைப்படத் தொழிலாளர் சம்மேளனமான பெப்சியும் உறுப்பினர் விதிகளைத் தெளிவாகவே வைத்திருக்கின்றன. அலுவலகத்தில் நேரில் கேட்டறிவது நல்லது. உறக்கத்தையும் பேச்சுவார்த்தையில் சேர்க்க வேண்டும். நீண்ட நேர வேலை முடிந்து வீடு திரும்பிய உதவி ஒளிப்பதிவாளர் ஒருவர் வண்டி ஓட்டும்போதே உறங்கி உயிரிழந்ததை அடுத்து, அமெரிக்க ஒளிப்பதிவாளர் ஹாஸ்கெல் வெக்ஸ்லர் வேலை நேரத்தைப் பற்றி 2006-இல் ஓர் ஆவணப்படமே எடுத்தார். இரவுப் படப்பிடிப்பு முடிந்தபின் உதவியாளர்களை அவரவர் இருசக்கர வண்டியில் அனுப்பாமல், கம்பெனி வண்டியில் வீட்டில் இறக்கிவிடும்படி மேலாளரிடம் ஒளிப்பதிவாளர் கேட்டால் பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள்.